சேக் கணக்கில் வராத வேலை: ஓஹாயோ பள்ளி அணி ஒன்றின் இரண்டு அவுட்சைட் லைன்பேக்கர்கள்

பின்னணி

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில், வடகிழக்குப் பகுதியில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ஒரு பருவம் முழுக்க நடந்த விஷயம் இது. அங்கே பள்ளி ஆட்டம் என்றால் வெள்ளிக்கிழமை இரவுதான். பருவத்துக்குப் பத்து ஆட்டங்கள், தேறினால் பிளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்று. ஆட்டப் பதிவுகளை ஸ்நாப் ஸ்நாப்பாக (ஸ்நாப் என்பது நடுவில் நிற்பவன் பந்தைப் பின்னால் கொடுத்து ஒவ்வொரு தடவையும் ஆட்டத்தைத் தொடங்குவது) வெட்டிக் குறிப்பெழுதித் தரும் உதவியாளனாக நான் அந்த அணியோடு இருந்தேன். முடிவுகளை எடுத்தவர்கள் தலைமைப் பயிற்சியாளரும் தடுப்பாட்டப் பயிற்சியாளரும். ஆடியவர்கள் பள்ளிப் பிள்ளைகள் என்பதால் ஊர், பெயர், சட்டை எண் எதையும் சொல்லவில்லை. 12-ஆம் வகுப்பில் இருந்தவனை மூத்தவன் என்றும், 11-ஆம் வகுப்பில் இருந்தவனை இளையவன் என்றும் குறிப்பிடுகிறேன்.

அணி ஆடியது மூன்று-நான்கு அமைப்பு. முன்வரிசையில் கையைத் தரையில் ஊன்றி நிற்பவர்கள் மூவர். அவர்களுக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் நான்கு லைன்பேக்கர்கள். அந்த நால்வரில் இரண்டு ஓரங்களில் நிற்பவர்கள் அவுட்சைட் லைன்பேக்கர்கள். ஒவ்வொரு ஸ்நாப்பிலும் இவர்கள் தலையில் விழுவது மூன்று வேலைகளில் ஒன்று. குவார்ட்டர்பேக்கை, அதாவது எதிரணியில் பந்தை வாங்கி எறிபவனை, நோக்கிப் பாய வேண்டும். அல்லது பந்தோடு ஓடுபவன் ஓரத்தைச் சுற்றிப் போகாதபடி வெளிப்பக்கக் கையை விடுவித்து வைத்துக்கொண்டு அவனை உள்ளே திருப்ப வேண்டும். அல்லது பின்வாங்கிப் போய் பாஸ் வாங்க வருபவனைக் கவனிக்க வேண்டும். குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவனைப் பின்னாலேயே வீழ்த்தினால் அது சேக். பத்திரிகையில் வருவதும், கல்லூரி ஆள்தேர்வாளர்கள் முதலில் கேட்பதும் அந்த எண்தான்.

மூத்தவன் 6 அடி 3 அங்குலம், ஏறக்குறைய 215 பவுண்டு. முந்தைய ஆண்டு வரை முன்வரிசையில் ஆடியவன், நீண்ட கைகள், முதல் இரண்டு எட்டிலேயே எதிரியைத் தாண்டிவிடும் வேகம். இளையவன் 5 அடி 11 அங்குலம், 185 பவுண்டு இருப்பான். சேஃப்டியாக, அதாவது தடுப்பாட்டத்தின் கடைசி வரிசையில், ஆடிக்கொண்டிருந்தவனை ஆள் பற்றாக்குறையால் முன்னே கொண்டுவந்திருந்தார்கள். கூடைப்பந்தும் ஆடுவான், அதனால் பக்கவாட்டில் கால் நன்றாக நகரும். பருவத் தொடக்கத்தில் ஏற்பாடு மிகச் சாதாரணமானது: மூத்தவன் எப்போதும் வலப்பக்கம், இளையவன் எப்போதும் இடப்பக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் குழப்பமில்லாமல் இருக்கும் என்பதுதான் காரணம்.

முதல் மூன்று ஆட்டங்கள்

முதல் இரண்டு ஆட்டங்களில் வெற்றி. மூத்தவனின் சேக் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. இளையவன் கணக்கில் ஒன்றுகூட இல்லை. பார்வையாளர் வரிசையிலும், உண்மையைச் சொன்னால் பயிற்சியாளர்கள் அறையிலும், பேச்சு ஒரே திசையில் போனது: இடப்பக்கத்துக்குக் கொஞ்சம் கனமான பையனைப் போட்டால் என்ன?

மூன்றாவது ஆட்டத்தில் தோல்வி. எதிரணி திரும்பத் திரும்ப ஆடியது ஆர்பிஓ, அதாவது ஓட்டமா பாஸா என்பதை ஸ்நாப்புக்குப் பிறகு முடிவு செய்யும் வகை ஆட்டம். குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரனின் வயிற்றில் வைத்தபடியே ஒரே ஒரு தடுப்பாட்டக்காரனைப் பார்ப்பான். அவன் ஓட்டத்தை நோக்கி உள்ளே வந்தால் பந்தை உருவி, ஓரத்துக்குச் சற்று உள்ளே நிற்கும் ஸ்லாட் ரிசீவருக்கு பபிள் ஸ்கிரீன் என்ற குறுகிய பக்கவாட்டு பாஸை எறிவான். அவன் வெளியே நகர்ந்தால் பந்தை ஓட்டக்காரனிடமே விட்டுவிடுவான். அன்று அவன் பார்த்த அந்த ஒருவன் பெரும்பாலும் மூத்தவன். ஒவ்வொரு தடவையும் தவறான பக்கம் போனது மூத்தவனின் சோம்பலால் அல்ல. பாய்வதற்கே பழகிய கால்கள் ஸ்நாப் ஆனதும் முன்னேதான் போகும்.

திங்கட்கிழமை பதிவைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மூத்தவன் எடுத்த சேக்குகளில் பல, ஸ்நாப் ஆகி நெடுநேரம் கழித்து விழுந்தவை. குவார்ட்டர்பேக் முதலில் பார்த்த இடம் இளையவன் பக்கத்து ஃபிளாட், அதாவது கோட்டோரம் குறுகிய தூரத்தில் பாஸ் வாங்கும் பகுதி. அங்கே இளையவன் நின்றுகொண்டிருந்தான். எறிய வழியில்லாமல் குவார்ட்டர்பேக் பந்தைப் பிடித்துக்கொண்டு தடுமாறிய அந்தக் கூடுதல் நேரத்தில்தான் மூத்தவன் வந்து சேர்ந்திருக்கிறான். சேக் முழுவதும் ஒருவன் பெயரில் எழுதப்பட்டது.

இளையவன் பக்கமும் குறை இருந்தது. அவனுக்கு நேராக டைட் எண்டும் (முன்வரிசையின் முனையில் நின்று தடுக்கவும் பாஸ் வாங்கவும் செய்பவன்) டேக்கிளும் (முன்வரிசை ஓரத்துக் கனத்த தடுப்பாளன்) சேர்ந்து வந்தபோது மூன்று நான்கு யார்டு பின்னே தள்ளப்பட்டான். 185 பவுண்டுப் பையன் 270 பவுண்டுக்காரனிடம் நுணுக்கத்தால் ஒரு தடவை தப்பலாம், இருபது தடவை தப்ப முடியாது.

ஒப்பிட்ட விதம்

தடுப்பாட்டப் பயிற்சியாளர் கேட்ட மாற்றம் எளிது. ஒவ்வொரு ஸ்நாப்புக்கும் இருவருக்கும் இரண்டே இரண்டு குறிப்பு: அந்த ஸ்நாப்பில் அவனுக்குக் கொடுத்த வேலை எது, அதைச் செய்தானா இல்லையா. பந்து எங்கே போனது, யார் வீழ்த்தினார்கள் என்பதெல்லாம் அப்புறம்.

இப்படிப் பிரித்ததும் இருவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது வெளிப்படையாகிவிட்டது. பாய்வதில் மூத்தவனுக்கு அருகில்கூட இளையவன் இல்லை. பின்வாங்கிக் கவனிப்பதில் நிலைமை அப்படியே தலைகீழ். ஓரத்தை அடைக்கும் வேலையில்தான் விஷயம் சுவாரசியமாக இருந்தது: மூத்தவன் சில ஸ்நாப்களில் சுவராக நின்றான், சிலவற்றில் காணாமலே போனான். ஏன் என்று தேடியபோது பதில் மைதானத்தின் கோடுகளில் கிடைத்தது.

அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்தின் அகலம் 160 அடி. ஒவ்வொரு ஆட்டமும் இரண்டு ஹேஷ் கோடுகளுக்குள் எங்கோ ஓரிடத்தில்தான் தொடங்கும். தொழில்முறை என்எஃப்எல்லில் அந்த இரு கோடுகளுக்கு நடுவே 18 அடி 6 அங்குலம்தான், ஆகவே பந்து எப்போதும் கிட்டத்தட்ட நடுவில் இருக்கும். பள்ளி மைதானத்தில் ஹேஷ் கோடுகள் அகலத்தைச் சரியாக மூன்றாகப் பிரிக்கின்றன, ஒவ்வொரு பங்கும் 53 அடி 4 அங்குலம். பந்து ஒரு ஹேஷில் வைக்கப்பட்டால் ஒரு பக்கம் 53 அடி, மறுபக்கம் அதைப் போல இரண்டு மடங்கு, 106 அடிக்கும் மேல். தொலைக்காட்சியில் என்எஃப்எல் மட்டுமே பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் உறைக்காது.

குறுகிய பக்கம் நின்றபோது மூத்தவனுக்குக் கோடே துணைக்கு இருந்தது. அவன் வேகமாக மேலே பாய்ந்தாலும் ஓட்டக்காரன் சுற்றிப் போக இடமில்லை. அகன்ற பக்கம் நின்றபோது அதே பாய்ச்சல் 35 யார்டு வெளியைத் திறந்துவிட்டது. வலம், இடம் என்று நிரந்தரமாக நிறுத்தியதால் எது குறுகிய பக்கம் என்பது பந்து விழுந்த ஹேஷைப் பொறுத்து மாறிக்கொண்டே இருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் எதிரணி இதைக் கண்டுபிடித்து, மூத்தவன் அகன்ற பக்கம் மாட்டும் ஸ்நாப்களுக்காகவே ஆர்பிஓவை வைத்திருந்தது போலத்தான் பதிவு காட்டியது.

சேக்கை வைத்து அவுட்சைட் லைன்பேக்கர்களை அளப்பதில் உள்ள சிக்கல் இந்தப் பள்ளிக்கு மட்டும் உரியதல்ல. லாரன்ஸ் டெய்லர் நியூயார்க் ஜயன்ட்ஸின் மூன்று-நான்கு அமைப்பில் ஓரத்திலிருந்து பாய்ந்தவர். 1986-இல் 20.5 சேக், அந்த ஆண்டு லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது, மொத்தக் கணக்கில் 132.5. என்எஃப்எல் சேக்கை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1982-இல்தான், எனவே 1981-இல் அவர் ஆடிய முதல் பருவம் அதில் சேராது. டெரிக் புரூக்ஸ் தாம்பா பே அணியின் நான்கு-மூன்று அமைப்பில் (முன்வரிசையில் நால்வர், பின்னால் மூன்று லைன்பேக்கர்கள்) ஓர லைன்பேக்கர். 14 பருவங்களில் அவர் எடுத்தது வெறும் 13.5 சேக். ஆனால் 25 இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பாஸைப் பறிப்பது), 2002-இல் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது, அதே பருவத்தில் சூப்பர் பவுல் வெற்றி. இருவரும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். டெய்லரைச் சமாளிக்கவே வாஷிங்டன் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் இரண்டு டைட் எண்ட் அமைப்பைப் பெரிதாகக் கையாண்டார். புரூக்ஸை யாரும் அப்படித் தடுக்கப் பார்க்கவில்லை, அவர் பக்கம் எறிவதைத் தவிர்க்கப் பார்த்தார்கள். சேக் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் புரூக்ஸ் ஒரு சாதாரண ஆட்டக்காரர்.

எடுத்த முடிவும் கைவிட்ட வழிகளும்

மேசையில் நான்கு வழிகள் இருந்தன.

இளையவனை உட்கார வைத்துவிட்டுக் கனமானவனைப் போடுவது முதலாவது. ஃபிளாட்டில் அவன் செய்யும் வேலையை வேறு யாரும் செய்யமாட்டார்கள் என்று புதிய குறிப்புகள் காட்டியதால் இது உடனே விழுந்தது.

மூத்தவனை முன்வரிசைக்குத் திருப்பி, நான்கு-மூன்று அமைப்புக்கு மாறுவது இரண்டாவது. இதில் நியாயம் இருந்தது. வான் மில்லர் 2011-இல் டென்வரில் முதல் பருவம் ஆடியபோது வழக்கமான டவுன்களில் (டவுன் என்பது பந்தோடு முன்னேறக் கிடைக்கும் ஒரு முயற்சி) ஓர லைன்பேக்கராகவும், பாஸ் எதிர்பார்க்கும் டவுன்களில் கையை ஊன்றி நிற்கும் எண்டாகவும் ஆடி 11.5 சேக் எடுத்தார். ஆனால் பருவத்தின் நடுவில் முழு அமைப்பையும் மாற்ற, வாரத்துக்கு நான்கு நாள் பள்ளி முடிந்த பிறகு நடக்கும் பயிற்சி போதாது என்று தலைமைப் பயிற்சியாளர் மறுத்தார். என் கணிப்பில் அது சரியான மறுப்பு.

மூன்றாவது வழி, எதிரணியின் டைட் எண்ட் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அந்தப் பக்கம் மூத்தவனை அனுப்புவது. பலம் உள்ள பக்கத்து லைன்பேக்கருக்கு சேம், மறுபக்கத்தவருக்கு வில் என்று பெயரிட்டுப் பல அணிகள் பிரிப்பது இப்படித்தான். எதிரணி வரிசைகட்டி நின்ற பிறகுதான் பலம் எந்தப் பக்கம் என்று தெரியும், அதன் பிறகும் டைட் எண்டை மறுபக்கம் நகர்த்த அவர்களுக்கு உரிமை உண்டு. ஸ்நாப்புக்கு முன் கூடிப் பேசும் ஹடிலைப் போடாமல் விரைந்து ஆடும் அணிகளுக்கு எதிரே இது ஓட்டப்பந்தயமாகிவிடும்.

நான்காவதுதான் தேர்வானது. இளையவன் எப்போதும் அகன்ற பக்கம், மூத்தவன் எப்போதும் குறுகிய பக்கம். முந்தைய ஆட்டம் முடிந்து நடுவர் பந்தை வைக்கும்போதே எந்த ஹேஷ் என்று தெரிந்துவிடும், எதிரணி என்ன அமைப்பில் நின்றாலும் அது மாறாது. பந்து நடுவில் இருந்தால் பழைய வலம்-இடம் முறை. குவார்ட்டர்பேக்கின் முதுகுப் பக்கத்திலிருந்து மூத்தவனைப் பாய விடலாமே என்ற யோசனையும் எழுந்தது. பள்ளி மட்டத்தில் பந்து சீக்கிரமே கையை விட்டுப் போய்விடுகிறது, அதனால் முதுகைவிட ஹேஷ் முக்கியம் என்று அதை விட்டார்கள்.

வீட்டிலிருந்து வந்த எதிர்ப்பு

மூத்தவனுக்கு இதில் மகிழ்ச்சிதான். இளையவனின் தந்தை வியாழக்கிழமை மாலை பயிற்சி முடிந்ததும் வந்து நின்றார். குரல் உயரவில்லை. மகனை சேக் கிடைக்காத இடத்தில் நிரந்தரமாகப் போட்டால் அடுத்த ஆண்டு கல்லூரிகள் எதை வைத்து அவனைப் பார்க்கும் என்பதுதான் கேள்வி. அதில் தவறே இல்லை, கல்விச் செலவு சம்பந்தப்பட்ட விஷயம்.

தடுப்பாட்டப் பயிற்சியாளர் அவரை உட்கார வைத்து மூத்தவனின் ஒரு சேக்கைப் போட்டுக் காட்டினார். பிறகு அதே ஸ்நாப்பில் இளையவன் பக்கத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டினார். "குவார்ட்டர்பேக் யாரைப் பார்த்துப் பயந்து எறியாமல் விட்டான் என்று பாருங்கள் சார்" என்றார். உடல் அளவைப் பார்த்தால் கல்லூரியில் பாய்பவனாக ஆட இவனுக்கு வாய்ப்புக் குறைவு, பின்வாங்கிக் கவனிப்பவனாக ஆட வாய்ப்பு அதிகம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். தந்தை முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. இளையவனின் நல்ல ஸ்நாப்களைத் தனியாகத் தொகுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டதும் புறப்பட்டுப் போனார். அந்தத் தொகுப்பு என் வேலையானது.

நான்காவது முதல் ஏழாவது ஆட்டம் வரை

மாற்றத்தின் பலன் முதல் வாரமே தெரிந்தது. அகன்ற பக்க பபிள் ஸ்கிரீனுக்குப் பந்து போனால் அங்கே இளையவன் முன்கூட்டியே நின்றான். ஆர்பிஓவில் குவார்ட்டர்பேக் அவனைப் பார்த்தபோது அவன் உடனே எந்தப் பக்கமும் சாயாமல் ஒரு கணம் பக்கவாட்டில் நகர்ந்து காத்திருந்தான். அந்த ஒரு கணத்தில் உள் லைன்பேக்கர் ஓட்டத்தை அடைத்துவிடுவார். ஐந்தாவது ஆட்டத்தில் ஃபிளாட்டில் ஓர் இன்டர்செப்ஷனும் கிடைத்தது.

மூத்தவனின் சேக் குறையவில்லை. அதைவிட முக்கியமாக, அவன் ஓரம் திறந்துபோவது அநேகமாக நின்றது. அந்த நான்கு ஆட்டங்களில் மூன்றில் வெற்றி. எதிரணிகளில் இரண்டு அந்த ஆண்டு பலவீனமானவை, அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எட்டாவது ஆட்டம்

எட்டாவது வாரத்து எதிரணிப் பயிற்சியாளர் எங்கள் பதிவுகளை நன்றாகப் படித்திருந்தார். மூன்று ரிசீவர்களைக் குறுகிய பக்கத்தில் அடுக்கினார், டைட் எண்டை அகன்ற பக்கம் வைத்தார். இடம் குறைவான பக்கத்தில் ஆட்களைக் குவிப்பது முதல் பார்வைக்கு வீண் போலத் தெரியும். ஆனால் இப்போது மூன்று ரிசீவர்களுக்கு முன்னால் நின்றது பின்வாங்கத் தெரியாத மூத்தவன், டைட் எண்டுக்கும் டேக்கிளுக்கும் முன்னால் நின்றது 185 பவுண்டு இளையவன். நாங்கள் பிரித்துக் கொடுத்த வேலைகளை அவர் அப்படியே இடம் மாற்றிவிட்டார். இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

முதல் பாதியில் குறுகிய பக்கம் சின்னச் சின்ன பாஸ்கள், ஓட்டக்காரன் கோட்டோரம் வளைந்து மேலே ஓடிப் பிடித்த நீளமான ஒன்று. அகன்ற பக்கம் இளையவனை நசுக்கி நேர் ஓட்டம். இரண்டாவது கால்பகுதியில், மூன்று பேர் குறுகிய பக்கம் நின்றால் இருவரும் இடம் மாறிக்கொள்ளுங்கள் என்று கோட்டோரத்திலிருந்து சைகை போனது. ஹடில் இல்லாத வேகத்தில் அது எடுபடவில்லை. ஒரு ஸ்நாப்பில் இருவருமே ஒரே பக்கம் நின்றார்கள், மறுபக்கம் ஆளே இல்லை. அது டச்டவுனில் முடிந்தது.

இடைவேளையில் முடிவு மாறியது. ஓர லைன்பேக்கர்கள் இருவரும் எங்கே நிற்கிறார்களோ அங்கேயே நிற்கட்டும், மற்றவர்கள் நகரட்டும். மூன்று ரிசீவர்கள் குறுகிய பக்கம் வந்தால் ஒரு சேஃப்டி கீழிறங்கி ஸ்லாட்டைப் பிடிப்பார், ஓட்டக்காரனை உள் லைன்பேக்கர் தொடர்வார், மூத்தவன் பாய்வான். அகன்ற பக்கம் முன்வரிசை எண்ட் ஒரு தோள் அளவு வெளியே நகர்ந்து இளையவன் மேல் விழும் இரட்டைத் தடுப்பை உடைப்பார். இரண்டாம் பாதி சமமாகவே போனது. ஆட்டம் முதல் பாதியிலேயே கைவிட்டுப் போயிருந்ததால் தோல்விதான்.

பருவத்தின் முடிவு

ஒன்பதாவது வாரம் முதல் அந்த இடைவேளை ஏற்பாடே நிரந்தர விதியானது. கூடவே ஒரு சின்ன ஏமாற்று சேர்ந்தது: ஆட்டத்துக்குச் சில தடவை மூத்தவன் பாய்வது போல நின்று ஃபிளாட்டுக்குப் பின்வாங்குவான், அகன்ற பக்கத்திலிருந்து இளையவன் பாய்வான். இந்த மாதிரி ஆள்மாற்றுப் பாய்ச்சலை ஸோன் பிளிட்ஸாக வளர்த்தவர் டிக் லெபோ. ஓஹாயோவில் பிறந்தவர், 1980-களில் சின்சினாட்டி பெங்கால்ஸ் தடுப்பாட்டப் பயிற்சியாளராக இருந்தபோது செய்தது அது. எங்கள் பயிற்சியாளருக்கு அவர்மேல் ஒரு பக்தியே உண்டு. இளையவன் தன் பருவத்தின் முதல் சேக்கைக் கடைசி ஆட்டத்தில் இப்படித்தான் எடுத்தான். மூத்தவன் பின்வாங்கியபோது பெரிதாக எதையும் தடுக்கவில்லை. அவன் அங்கே நிற்கிறான் என்பதே குவார்ட்டர்பேக்குக்குப் புதிதாக இருந்தது.

அணி பிளேஆஃபுக்குத் தேறி முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது. எதிரணி நேர் ஓட்டத்தாலேயே ஜெயித்தது, அதில் ஓர லைன்பேக்கர்கள் இருவருக்கும் பெரிய பங்கில்லை. மூத்தவன் ஒரு சிறிய கல்லூரியில் முன்வரிசை எண்டாகச் சேர்ந்தான். இளையவனைத் தேடி அந்தக் குளிர்காலத்தில் சில பயிற்சியாளர்கள் வந்தார்கள், அனைவரும் கேட்டது சேஃப்டி அல்லது பின்வாங்கும் லைன்பேக்கர் இடத்துக்காக. தந்தைக்குத் தொகுத்துக் கொடுத்த அந்த வீடியோவை அவர்களில் இருவர் பார்த்திருந்தார்கள்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

பருவம் முடிந்த பிறகு நடந்த கூட்டத்தில் பெரிய வாதம் ஒன்றைப் பற்றித்தான்: இருவரையும் தங்கள் பலத்திலேயே வைத்திருந்தது சரியா? தடுப்பாட்டப் பயிற்சியாளர், ஆகஸ்ட் பயிற்சியில் மூத்தவனுக்குத் தினமும் கொஞ்ச நேரமாவது பின்வாங்கும் பயிற்சியும், இளையவனுக்கு டைட் எண்ட் தடுப்பை எதிர்கொள்ளும் பயிற்சியும் கொடுத்திருந்தால் எட்டாவது ஆட்டத்தின் முதல் பாதி அவ்வளவு மோசமாகியிருக்காது என்றார். தலைமைப் பயிற்சியாளர் அதை முழுக்க ஏற்கவில்லை. பள்ளியில் கிடைக்கும் நேரத்தில் ஒரு வேலையைச் சரியாகக் கற்றுக்கொடுப்பதே பெரும்பாடு என்பது அவர் கட்சி. நான் முதலாமவர் பக்கம். மூத்தவன் நல்ல கவனிப்பாளனாக ஆக வேண்டியதில்லை, பத்தில் மூன்று தடவை சரியான இடத்தில் நின்றால் போதும். அதற்கு மேல் எதிரணியால் அவனை மட்டும் குறிவைக்க முடியாது.

மற்றவற்றில் கருத்து வேறுபாடு இல்லை. வேலைவாரிக் குறிப்பை முதல் பயிற்சி ஆட்டத்திலிருந்தே எழுதுவது. ஓர லைன்பேக்கர்களின் பொறுப்பு எப்படிப் பிரிகிறது என்பதைப் பருவத்துக்கு முன்பே பெற்றோர் கூட்டத்தில் பதிவோடு காட்டுவது. எதிரணி குறுகிய பக்கம் குவியும் அமைப்பை வாரம் ஒருமுறையாவது பயிற்சியில் வைத்துப் பார்ப்பது. உடை மாற்றும் அறைச் சுவரில் சேக் பட்டியலோடு இன்னொரு தாளும் ஒட்டப்படும்: கொடுத்த வேலையைச் செய்த ஸ்நாப்கள், ஆள்வாரியாக. அடுத்த ஆகஸ்டில் அந்தத் தாளின் முதல் வரியில் இளையவன் பெயர் இருந்தது. அவனுக்கு மறுபக்கம் ஆடப் போகிறவன் 10-ஆம் வகுப்புப் பையன், 200 பவுண்டுதான். அவன் முதல் வாரமே ஃபிளாட்டுக்குப் பின்வாங்கும் பயிற்சியில் நின்றான்.